ஓடுபவரை விடுங்கள், பின்னால் நிற்பவரைப் பாருங்கள்: தேசிய அணியின் வியூகத்தைப் படிக்கப் பழகுவோருக்கு

2025 நவம்பர் 18ஆம் தேதி, ஹாங்காங்கின் காய் தாக் அரங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சிங்கப்பூர், இரண்டாம் பாதியில் ஷாவால் அனுவார், இல்ஹான் ஃபாண்டி இருவரும் போட்ட கோல்களால் 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. 1984இல் போட்டியை ஏற்று நடத்திய நாடாகக் களமிறங்கியதை விட்டால் இதுவே முதல் முறை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு காற்பந்துப் பக்கம் வந்தவர்கள் காப்பிக்கடை மேசையில் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: வியூகம், பிரஸ்ஸிங். ஆட்டக்காரர்கள் திடலில் நிற்கும் அமைப்பு வியூகம்; பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்குவது பிரஸ்ஸிங். “மூணு பேர்தான பின்னாடின்னு போட்டான், அஞ்சு பேர் நிக்கிறானே?” என்ற கேள்விக்கு அந்த மேசையில் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஒரே ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து கவனித்தால் நீங்களே பதில் சொல்லலாம். அதற்கான வழி இது.

முதலில் உட்காரும் இடம்

காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கில் கீழ்வரிசை இருக்கைகள் ஆட்டக்காரர்களின் முகம் பார்க்க நல்லவை. வியூகம் பார்க்க உதவாது. பக்கக்கோட்டுப் பகுதியில், நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில் இடம் பிடியுங்கள். அங்கிருந்துதான் 105 மீட்டர் நீளமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஜாலான் புசார் அரங்கில் படிக்கட்டுகள் தாழ்வு. அங்கே கடைசி வரிசைக்குக் குறைந்து எதிலும் உட்காராதீர்கள்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. கேமரா பந்தைத் துரத்துவதால் திடலின் ஒரு பகுதிதான் திரையில் இருக்கும். நம் முன்வரிசை பாயும்போது பின்வரிசை எங்கே நிற்கிறது என்பது திரைக்கு வெளியே போய்விடும். கோல் கிக், பந்து எறிதல், காயத்துக்காக ஆட்டம் நிற்கும் நேரம் ஆகியவற்றில் மட்டும் அகலமான காட்சி வரும். அப்போது விட்டால் போச்சு.

கையில் வேண்டியவை ஏ4 தாள் ஒன்று, இரண்டு நிறப் பேனா, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். தாளை நான்காக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு திடல் வரையுங்கள். நடுக்கோடு, நடுவட்டம், இரண்டு பெனால்டி பகுதிகள் போதும். அளவுகோலையும் திடலே தருகிறது. பெனால்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். எந்தத் தூரத்தையும் இந்த இரண்டில் ஒன்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள்.

வியூகத்தை மூன்று முறை வரையுங்கள்

ஆட்டத்துக்கு முன் திரையில் வரும் 3-4-3, 4-2-3-1 போன்றவை (கோல்காப்பாளரை விட்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்ற எண்கள்) கல்யாண வீட்டுக் குழுப்படம் மாதிரி. படம் எடுத்து முடிந்ததும் யாரும் அந்த இடத்தில் நிற்பதில்லை. அதனால் முதல் ஐந்து நிமிடம் எதையும் வரையாதீர்கள். அந்த நேரத்தில் இரு அணிகளும் பந்தை நீளமாக அடித்துப் படபடப்பைத் தணித்துக்கொண்டிருக்கும். அதன்பிறகு மூன்று தருணங்களில் பேனாவை எடுங்கள்.

ஒன்று, நம் கோல்காப்பாளர் காலில் பந்து இருக்கும்போது. இரண்டு, எதிரணி தன் பாதியில் ஐந்தாறு பாஸ் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்போது. மூன்று, எதிரணி நம் பாதிக்குள் பந்தோடு நிலைத்துவிட்டபோது.

ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து எண்ணுங்கள். முன்னாலிருந்து எண்ணினால் குழம்பும், ஏனென்றால் முன்வரிசையினர் ஓயாமல் இடம் மாறுவார்கள். மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) வைத்து ஆடும் அணியின் முதல் படத்தில் மூவர் பின்னால் இருப்பார்கள். இரு விங்பேக்குகளும், அதாவது பக்கம் முழுதும் ஏறி இறங்கும் இருவரும், பக்கக்கோட்டை ஒட்டி மேலே நிற்பார்கள். மூன்றாவது படத்தில் அதே விங்பேக்குகள் இறங்கி வந்து ஐவர் வரிசை ஆகியிருக்கும். முன்னாலிருந்த மூவரில் பக்கவாட்டு இருவரும் இறங்கினால் 5-4-1. இறங்காமல் உள்ளே நெருங்கி நின்றால் 5-2-3. காப்பிக்கடைக் கேள்விக்கான பதில் இதுதான்: ஐந்தும் சரி, மூன்றும் சரி.

இரண்டாவது படத்தில்தான் பயிற்சியாளரின் மனம் தெரியும். பந்து நம்மிடம் இல்லை, ஆபத்தும் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் எத்தனை பேரை முன்னால் விட்டுவைக்கிறார் என்பது அவரே எடுத்த முடிவு.

வரிசை எந்த உயரத்தில் நிற்கிறது

நம் அணியில் முதலாவதாகப் பந்தை நோக்கி ஓடுபவர் எங்கே ஓடத் தொடங்குகிறார் என்று குறியுங்கள். எதிரணியின் பெனால்டி பகுதி விளிம்பிலோ அதற்கு 10 மீட்டருக்குள்ளோ என்றால் உயர நெருக்குதல். நடுவட்டத்தின் எதிரணிப் பக்க விளிம்பு என்றால் நடுத்தர நெருக்குதல். நம் பாதிக்குள் என்றால் தாழ்ந்த தற்காப்பு. ஓர் அணி ஒரே ஆட்டத்தில் மூன்றையும் செய்யும். ஆகவே 15 நிமிடத்துக்கு ஒரு முறை குறியுங்கள்.

எதிரணியின் கோல் கிக் இதற்கு நல்ல சோதனை. 2019இல் விதி மாறியதிலிருந்து கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம். உதைக்கும்வரை எதிரணியினர் வெளியே நிற்க வேண்டும். நம்மவர் மூவர் அந்தக் கோட்டில் விரல் ஊன்றிய ஓட்டப்பந்தய வீரர்களைப் போல நிற்கிறார்களா, நடுவட்டத்துக்குப் பின்வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். அன்றைய திட்டத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தாழ்ந்த தற்காப்பைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. தென்கிழக்காசிய அணிகள் மோதும் சுசுகி கிண்ணத்தில், 2016இல் பயிற்சியாளர் வி. சுந்தரமூர்த்தியின் சிங்கப்பூர் அணி பிலிப்பீன்ஸுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2 என முடித்தது. மூன்று ஆட்டத்தில் மூன்று கோல்தான் விட்டது, போட்டதோ ஒன்றே ஒன்று. தாழ்ந்து நிற்பதன் விலை அந்த ஒன்றில் இருக்கிறது. பந்து நம் பெனால்டி பகுதி அருகே கிடைத்தால் எதிர்க் கோல் 80 மீட்டருக்கு அப்பால். அவ்வளவு தூரம் கூட ஓடிவர யாருமில்லாமல், கோல் போட முன்னால் நிற்கும் ஸ்டிரைக்கர் தனியே நிற்பார்.

பாய்வதற்கான சைகைகள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு பிரஸ்ஸிங்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புலிக்குப் பக்கத்தில் ஆடு நிற்பது தவறே அல்ல. அந்த ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருப்பதுதான் தவறு. காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். நிரம்பியிருந்தால் புலி அடைபட்டது. காற்பந்திலும் பந்து வைத்திருப்பவரை நோக்கி ஒருவர் பாய்ந்ததும் அரங்கமே அவரைப் பார்க்கும். நீங்கள் அவருக்குப் பின்னால் 10, 15 மீட்டரில் நிற்கும் இரண்டாமவரைப் பாருங்கள். அவரும் நகர்ந்தால் அது பிரஸ்ஸிங். நகராவிட்டால் ஒருவர் வீணாக வியர்வை சிந்துகிறார், அவ்வளவே.

யாரும் நினைத்த நேரத்தில் பாய்வதில்லை. அணி முழுவதும் ஒன்றாகப் புரிந்துவைத்திருக்கும் சைகைகள் உண்டு. பெரும்பாலான அணிகளில் இவற்றைக் காணலாம்:

- பின்னோக்கிய பாஸ். பந்து பின்னால் உருளும் நேரம் முழுதும் நம் வரிசை முன்னேறலாம்.
- சென்டர் பேக்கிடமிருந்து ஃபுல்பேக்குக்கு (பக்கத் தற்காப்பாளர்) போகும் பாஸ். வாங்குபவருக்குப் பக்கக்கோடே ஒரு தடுப்பாகிவிடுகிறது.
- தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும் நடுத்திடல் ஆட்டக்காரர். முதுகுக்குப் பின்னால் வருபவர் அவருக்குத் தெரியாது.
- தவறிய முதல் தொடுகை, அல்லது துள்ளி வரும் பந்து. அதை அடக்க ஒரு நொடி ஆகும்.
- பந்து எதிரணிக் கோல்காப்பாளரின் பலவீனமான காலுக்குப் போவது.

கோல்காப்பாளர் பந்தைக் கையில் எடுத்துவிட்டால் பாய முடியாது. ஆனால் 2025 விதிப்படி அவர் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் நமக்கு கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். அந்த நேரத்தில் நம்மவர்கள் அருகிலிருக்கும் பாஸ் வழிகளை அடைக்கிறார்களா, தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள்.

தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டாமவர் கூட வந்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. அரை நேரத்தில் கோடுகளில் எத்தனை சதவீதம் புள்ளி பெற்றிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் எதிரணி வசதியாக ஆடிக்கொண்டிருக்கிறது.

பாய்பவர் எந்தக் கோணத்தில் போகிறார் என்பதும் முக்கியம். நேர்கோட்டில் போனால் பந்து வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். வளைந்து போனால், பாய்பவரின் உடலே பின்னாலிருக்கும் ஒருவருக்கான பாஸை மறைக்கும். நல்ல ஸ்டிரைக்கர் ஒரே ஓட்டத்தில் ஒருவரை நெருக்கி இன்னொருவரை மறைப்பார். இப்படி வளைத்துத் தள்ளித்தான் பந்தைப் பக்கக்கோட்டுக்குக் கொண்டுபோய் அங்கே மடக்குகிறார்கள்.

ஐவர் பின்வரிசை எங்கே கிழியும்

மூன்று சென்டர் பேக் வைத்திருக்கும் அணி, நான்கு பின்வரிசை அணியை நெருக்கும்போது ஒரு தொல்லை எப்போதும் வரும்: எதிரணி ஃபுல்பேக்கை யார் பிடிப்பது? நம் முன்வரிசை மூவரும் உள்ளே இருக்கிறார்கள். ஆக, விங்பேக்தான் தன் வரிசையை விட்டு ஏற வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. சென்டர் பேக்கிடமிருந்து ஃபுல்பேக்குக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையோடு உறுதியாக அடித்த பாஸ் நொடிக்குச் சுமார் 15 மீட்டர் போனால், பந்து சேர 1.7 நொடி. நின்ற இடத்திலிருந்து பாயும் வேகமான ஆட்டக்காரர் அந்த நேரத்தில் ஏறக்குறைய 10 மீட்டர் கடப்பார். ஃபுல்பேக் பந்தை அடக்கித் தலை நிமிர இன்னும் ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் மேலும் 5 மீட்டர். ஆக, பாஸ் கிளம்பும் கணத்தில் விங்பேக் 15 மீட்டருக்குள் இருந்தால் வேளைக்குப் போய்ச் சேருவார். 25 மீட்டர் தள்ளி நின்று ஓடினால், அவர் வந்து சேரும்போது பந்து அவர் காலியாக்கிய இடத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டியவர் அந்தப் பக்கத்துச் சென்டர் பேக். அவர் வெளியே நகர, நடு சென்டர் பேக்கும் நகர, தூரத்து விங்பேக் உள்ளே வந்து நால்வர் வரிசை ஆக்க வேண்டும். சரத்தின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை வரை அசைவதைப் போல. இதில் ஒருவர் தயங்கினாலும் வலது அல்லது இடது சென்டர் பேக்கின் தோளுக்கு வெளியே எதிரணி விங்கர் (பக்கவாட்டு முன்வரிசை ஆட்டக்காரர்) ஓடுவார். கோல் விழுந்ததும் எல்லாரும் கடைசியாக ஏமாந்த சென்டர் பேக்கைத் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் மூன்று நொடிக்கு முன், 40 மீட்டருக்கு அப்பால், தாமதமாக ஏறிய விங்பேக்கிடமோ அவரை ஏற வைத்த முன்வரிசையிடமோ இருக்கும்.

இன்னொரு ஓட்டை நடுவில் விழும். ஸ்டிரைக்கரிலிருந்து கடைசித் தற்காப்பாளர் வரை 30, 35 மீட்டருக்குள் இருந்தால் அணி நெருக்கமாக இருக்கிறது. இது இரண்டு பெனால்டி பகுதி ஆழம். 40ஐத் தாண்டினால் முன்வரிசை ஏறிவிட்டது, பின்வரிசை பயந்து நின்றுவிட்டது என்று பொருள். இடைப்பட்ட நடுத்திடல் இருவருக்கு அந்த அகலமும் நீளமும் தாங்காது. பின்வரிசை ஏன் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் வேகமான எதிரணி ஸ்டிரைக்கர் பின்னால் ஓடிவிடுவாரோ என்ற அச்சம். கோல்காப்பாளர் பெனால்டி பகுதி விளிம்பு வரை வந்து நின்றால் அந்த அச்சம் பாதி குறையும். அவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு கண் வையுங்கள்.

எண்ணிப் பார்க்க

நெருக்குதலை அளக்க இணையத்தில் பிபிடிஏ (PPDA) என்றொரு எண் அடிபடும். எதிரணி எத்தனை பாஸ் ஆடிய பிறகு நாம் ஒரு முறை குறுக்கிடுகிறோம் என்பதே அது. பொதுவாக நம் கோல் பக்கத்து 40 சதவீதத் திடலை விட்டுவிட்டு மீதியில் எண்ணுவார்கள். 105 மீட்டர் திடலில் அந்த எல்லை நம் கோல் கோட்டிலிருந்து 42 மீட்டர். நடுவட்டத்தின் நம் பக்க விளிம்பை எல்லையாக வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். கையால் எண்ண அது போதும்.

அந்த விளிம்புக்கு அப்பால் எதிரணி ஆடிய பாஸ்களை ஒருவர் எண்ணட்டும். அதே பகுதியில் நம்மவர் செய்த டேக்கிள், வெட்டி எடுத்த பாஸ், ஃபவுல் ஆகியவற்றைப் பக்கத்திலிருப்பவர் எண்ணட்டும். தனி ஆளாக இரண்டையும் எண்ண முயன்றால் ஆட்டத்தையே தவறவிடுவீர்கள். 15 நிமிடத்தில் 60 பாஸ், 6 குறுக்கீடு என்றால் 10. பத்துக்குக் கீழ் கடும் நெருக்குதல், பதினைந்துக்கு மேல் காத்திருந்து ஆடுகிறார்கள் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த எண் ஏமாற்றும் இடமும் உண்டு. எதிரணி பந்தை வாங்கியதும் நீளமாக அடித்துவிடும் அணியாக இருந்தால் பாஸ்களே குறைவு. நாம் ஒன்றும் செய்யாமலே எண் சிறியதாக வரும். அப்போது கோடும் புள்ளியும் போட்ட கணக்கை நம்புங்கள்.

இதற்கு எதிர்முனையில் கோல்காப்பாளரின் தடுப்புகளும் ஒரு அளவுகோல்தான். 2024 ஜூன் 11 பேங்காக்கில் சிங்கப்பூர் 1-3 எனத் தோற்ற ஆட்டத்தில் ஹசான் சன்னி 11 முறை தடுத்தார். அந்தக் கோல் கணக்கால் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் பிழைத்த சீனாவின் ரசிகர்கள் தெம்பனிஸிலுள்ள அவருடைய நாசி லெமாக் கடைக்கு வந்து நன்றி சொன்னார்கள். கடைக்கு நல்ல வியாபாரம். ஆனால் ஒரு கோல்காப்பாளருக்கு 11 தடுப்பு வேலை வருகிறது என்றால், முன்னாலிருக்கும் பத்துப் பேர் பந்தை அடிக்குமுன் நிறுத்தவில்லை.

பந்து பறிபோன ஐந்து நொடி

பந்தை இழந்த கணத்தில் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அருகிலிருக்கும் மூவர் பந்தை நோக்கி ஓடுகிறார்களா, தங்கள் கோலை நோக்கியா? இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை. இருவர் முன்னும் ஒருவர் பின்னும் ஓடினால்தான் ஆபத்து.

ஸ்கோரும் சிவப்பு அட்டையும்

எந்தக் குறிப்பையும் ஸ்கோரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2024 டிசம்பர் 17, தேசிய விளையாட்டரங்கில் தாய்லாந்துக்கு எதிராக 2-0 முன்னிலை பெற்ற சிங்கப்பூர் 2-4 எனத் தோற்றது. இப்படிப்பட்ட ஆட்டத்தின் பதிவைப் பார்க்கக் கிடைத்தால், ஒவ்வொரு கோலுக்கும் முந்தைய, பிந்தைய ஐந்து நிமிடங்களில் முதல் பாய்ச்சல் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். முன்னிலை பெற்ற அணி யாரும் சொல்லாமலே பத்து மீட்டர் இறங்குவது வழக்கம். பயிற்சியாளர் இறக்கினாரா, கால்கள் இறங்கினவா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து இறங்கினால் அது திட்டம், பின்வரிசை மட்டும் இறங்கினால் பயம்.

ஆள் கூடினால் நெருக்குதல் தானாகக் கூடும் என்றும் எண்ண வேண்டாம். 2025 அக்டோபர் 9 இந்தியாவுக்கு எதிராக இக்சான் ஃபாண்டியின் கோலால் சிங்கப்பூருக்கு முன்னிலை. இரண்டாம் பாதித் தொடக்கத்திலேயே இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கன் வெளியேற்றப்பட்டார். இருந்தும் 90ஆவது நிமிடத்தில் கோல் விழுந்து 1-1. பத்துப் பேர் கொண்ட அணி தாழ்ந்து நின்று நீளமாக அடிக்கும். அப்போது நெருக்க வேண்டியது பாஸை அல்ல, கீழே விழும் இரண்டாம் பந்தை. ஆள் குறைந்தால் கணக்கு தலைகீழ். 2021 டிசம்பர் 25, இந்தோனீசியாவுடனான சுசுகி கிண்ண அரையிறுதியில் ஒன்பது பேராகிவிட்ட சிங்கப்பூர் 87ஆவது நிமிடம் வரை 2-1 என முன்னிலையில் இருந்தது. பின்னர் கூடுதல் நேரத்தில் 2-4 எனத் தோற்றது; ஆட்டம் முடியும்போது எட்டுப் பேர்தான். ஒன்பது பேர் 68 மீட்டர் அகலத்தை மூட முடியாது. பக்கங்களை விட்டுக்கொடுத்து நடுவை மூடுவார்கள். அதைக் குறை சொல்லாதீர்கள், வேறு வழி கிடையாது.

அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு

இங்கே இரவு எட்டு மணிக்கும் காற்றில் ஈரம் பிழிந்தெடுக்கலாம். முழு ஆட்டமும் உயர நெருக்குவது நடக்காத காரியம். முதலில் தளர்வது கால் அல்ல, இரண்டாமவரின் முடிவு: போகலாமா வேண்டாமா என்று அரை நொடி யோசிப்பார். உங்கள் தாளில் புள்ளியில்லாத கோடுகள் கூடும் நிமிடம் அதுதான். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை, அரை நேரத்தை விட்டு மூன்று வாய்ப்புகளில் இறக்கலாம். முன்வரிசையையும் விங்பேக்கையும் முதலில் மாற்றும் பயிற்சியாளர் நெருக்குதலைத் தொடர நினைக்கிறார். முன்வரிசையில் ஒருவரை எடுத்துவிட்டு நடுத்திடல் ஆளை இறக்கினால் வரிசை கீழே வரப்போகிறது. ஆசியக் கிண்ணம் தொடங்குவது 2027 ஜனவரியில், சவூதி அரேபியாவில். குளிர்காலக் காற்றில் இந்தக் கணக்கு மாறலாம், ஆகவே இங்குள்ள ஆட்டங்களின் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தாளில் நாலாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கும். அது இரண்டாம் பாதியின் 75ஆவது நிமிடத்துக்கு. மறுபடி எதிரணி தன் பாதியில் பந்தை வைத்திருக்கும்போது வரையுங்கள். அணிகள் பக்கம் மாறியிருப்பதால் தாளையும் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது வலது விங்பேக் இடதில் நிற்பார்.